மரத்தம்மா குடித்த மிச்சம்

லமோம் தன் வாழ்நாளில் கலர் சோடாவைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்ததே இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வாள். நாத்தனாரிடம் சொன்னாள், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னாள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொன்னாள். அத்தனையும் உண்மை. நாளொன்றுக்கு ஏழெட்டு பாட்டில் கலர் அவள் வயிற்றுக்குள் போனது என்பதும் உண்மை. இதில் குழப்பம் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரான பெட்புரியில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆற்றங்கரைச் சந்தையில் மீன் கடைகளைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மரத்தம்மா படுத்திருக்கிறாள். ஆற்றைத் தூர் வாரியபோது சேற்றுக்குள்ளிருந்து வந்த தக்கியன் மரம். அந்த ஜாதி மரத்தில் பெண் ஆவி குடியிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பட்டுத்துணி சுற்றி, தலைமாட்டில் சீப்பு, கண்ணாடி, முகப்பவுடர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் ஒன்பது ஊதுபத்தியும் ஒரு சரம் பூவும் ஒரு பாட்டில் சிவப்புக் கலரும் கொண்டுவந்து வைப்பார்கள். ஏன் சிவப்பு, பச்சை ஆகாதா என்று லமோமிடம் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். மூடியைத் திறந்து ஸ்ட்ரா போட்டுத்தான் வைக்க வேண்டும். மூடியோடு வைத்தால் பாவம், படுத்த படுக்கையாக இருக்கும் மரத்தம்மா எதைக் கொண்டு திறப்பாள்?

ஊதுபத்தி எரிந்து முடிந்தால் அம்மா குடித்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம். கைகூப்பி உத்தரவு கேட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக் குடிக்கலாம், குடித்தால் நல்லது. ஆனால் வேண்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு ஊதுபத்தி எரிகிற வரைக்கும் உட்காரப் பொறுமை இருப்பதில்லை. வைத்தார்கள், கும்பிட்டார்கள், வண்டியை எடுத்தார்கள். திறந்த பாட்டிலைக் கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான். கீழே கொட்டினால் அம்மாவின் எச்சிலைக் கொட்டிய பாவம். அப்புறம் யார்தான் குடிப்பது? பதினெட்டு வருடமாக அந்தக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டு, வாசலில் பூ கட்டி விற்றுக்கொண்டு அங்கேயே கிடக்கும் லமோம்தான் குடித்தாள்.

அதில் சர்க்கரை இல்லையா என்றால், இல்லை. இது லமோமின் திடமான நம்பிக்கை. ஆவிகள் நம்மைப்போல மடமடவென்று குடிப்பதில்லை. சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதற்குச் சாட்சியும் வைத்திருந்தாள். வைக்கும்போது பொங்கிப் பொங்கி நுரைக்கிற கலர், ஊதுபத்தி அணைந்த பிறகு வாயில் வைத்தால் சப்பென்று கிடக்கிறது. அம்மா முதலில் நுரையைக் குடிக்கிறாள், அப்புறம் இனிப்பைக் குடிக்கிறாள். நமக்கு மிஞ்சுவது சாயமும் தண்ணீரும் கொஞ்சம் ஆசீர்வாதமும். இனிப்பாகத்தானே இருக்கிறது என்று யாராவது இழுத்தால், அது நாக்கின் பழக்கதோஷம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

இத்தனைக்கும் அவள் சர்க்கரை தெரியாதவள் இல்லை. பான் லாட் பக்கம் பனங்காட்டில் பதநீர் காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவள். நடக்கத் தெரிவதற்கு முன்னால் பாகின் பதம் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்வாள். சூவா என்கிற லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தாள். பிள்ளை இல்லை. சூவா நல்ல மனுஷன், ஆனால் லாரியை விட்டால் தூக்கம், தூக்கத்தை விட்டால் லாரி. கடைசியில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப்போய்ப் பாலத்தடியில் முடிந்தது. நாற்பத்தாறு வயதில் பூக்கூடையோடு கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தவளை யாரும் நியமிக்கவில்லை, யாரும் எழுப்பிவிடவும் இல்லை. வருகிறவர்கள் மரத்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டால் அவளுக்கு அரைக் கும்பிடாவது போட்டுவிட்டுப் போனார்கள். அந்த அரைக் கும்பிடில் அவளுக்கு வாழ்க்கை நிறைந்துதான் இருந்தது.

சூவாவின் தங்கை சலுவாய். அந்தப் பேட்டைக்குச் சுகாதாரத் தொண்டர். மாதம் ஒருமுறை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதிக்கொண்டு வருவாள். அடுத்தவர் அடுப்படியில் என்ன வேகிறது என்று பார்ப்பதற்காகவே அவள் இந்த வேலைக்குச் சேர்ந்தாள் என்பது லமோமின் கட்சி. நாத்தனார் என்றால் அப்படித்தான். சலுவாயும் சளைத்தவள் இல்லை. அண்ணன் போன பிறகும் அண்ணியைத் தட்டிக்கேட்கத் தனக்கு முழு உரிமை இருப்பதாக நினைத்தாள். வாரத்துக்கு நாலு நாள் சண்டை போட்டார்கள், மிச்ச மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

சலுவாய் ஒவ்வொரு மாதமும் கேட்பாள், இனிப்புத் தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா என்று. லமோம் இல்லை என்பாள். சலுவாயும் நோட்டில் இல்லை என்று எழுதிவிட்டுப் போவாள். கொட்டகையில் அண்ணி கையில் எப்போதும் சிவப்பு பாட்டில் இருப்பதை அவள் பார்க்காமல் இல்லை. ஆனால் அவளுமே அந்த ஊர்க்காரிதானே. சாமிக்கு வைத்த மிச்சத்தை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. லமோமும் எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லி விரலை மட்டும் நீட்டாமல் தப்பித்துவந்தாள்.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கியபோது லமோமுக்குத் தாகம் வந்தது. சாதாரணத் தாகம் இல்லை. ஆற்றையே ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிவிடலாம்போல இருந்தது. தாகத்துக்குக் குடிக்கக் கையருகில் என்ன இருந்ததோ அதைக் குடித்தாள். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. மணிக்கொருதரம் சந்தைக் கழிப்பறைக்கு ஓடுவதைப் பார்த்த சலுவாய் ஒரு நாள் காலையில், அவள் வெறும் வயிற்றோடு இருக்கும்போதே, கொட்டகை வாசலில் பிடித்துக்கொண்டாள். விரலில் குத்தி, மெஷினில் காட்டி, வந்த நம்பரைப் பார்த்துத் திகைத்துப்போனாள். அந்தத் திகைப்பில் ஒரு பெரிய தப்பும் செய்தாள். நம்பரை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"முந்நூத்தி நாப்பத்தேழு."

பக்கத்து நூடுல்ஸ் வண்டியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான் புன்லுவா. எங்கள் ஊரில் மூன்று இலக்கம் காதில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்வதில்லை. விபத்தான வண்டியின் நம்பர், இரண்டு தலைக் கன்றுக்குட்டி பிறந்த தேதி, துறவியின் தகன மேடையில் எரிந்த மெழுகுவத்தி எண்ணிக்கை, எல்லாமே லாட்டரிக்கு ஆகும். அப்படியிருக்க மரத்தம்மாவின் பக்கத்திலேயே பதினெட்டு வருடம் உட்கார்ந்திருப்பவளின் ரத்தத்திலிருந்து, குலுக்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்த நம்பரைச் சும்மா விடுவார்களா? புன்லுவா உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். மீன்காரிகள் முன்கையில் எழுதிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் பாலத்துக்கு அந்தப்பக்கம் வரை போய்விட்டது. சலுவாய் மட்டும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, அண்ணி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க ஆள் இல்லை.

பதினாறாம் தேதி குலுக்கலில் கடைசி மூன்று இலக்கம் அப்படியே விழுந்தது.

சந்தை தலைகீழாகிவிட்டது. அன்றைக்கு எவரும் மீன் செதில் எடுக்கவில்லை. புன்லுவா சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடிவந்து மரத்தம்மாவின் காலடியில் விழுந்தான். விழுந்த இடம் தலைமாடு என்று லமோம் திருத்தினாள். நம்பர் விழுந்தால் தொண்ணூற்றொன்பது பாட்டில் சிவப்புக் கலர் வைப்பதாக அவன் நேர்ந்திருந்தான். நேர்ந்ததை மறுநாளே கொண்டுவந்து வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்ட்ரா போட்டான். மீன்காரிகள் ஆளுக்கு ஐம்பது. பாலத்துக்கு அந்தப்பக்கத்துக்காரர்களும் விடவில்லை. கொட்டகை சிவந்து கிடந்தது; கால் வைக்க இடமில்லை. லமோம் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்தாள், பெருக்குகிறவர்களுக்குக் கொடுத்தாள், போகிற வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தாள். அப்படியும் மிஞ்சியதைத் தானே குடித்தாள். தன் ரத்தத்தால் ஊருக்கு விடிந்தது என்கிற பூரிப்பும் அதோடு உள்ளே போயிற்று.

மறுமாதம் அவளுடைய கண் விளையாட்டுக் காட்டத் தொடங்கியது. மல்லிகைக்கு நடுவே சாமந்தியைக் கோத்துவிட்டு வெள்ளைச் சரம் என்று விற்றாள். ஊசிக் காதைத் தேடி விரலைத் தைத்துக்கொண்டாள். ஒரு நாள் மரத்தம்மாவின் முன்னால் செருப்பைக் கழற்றாமல், கும்பிடாமல், மொழுக்கென்று உட்கார்ந்திருந்த சிவப்புச் சட்டைக்காரனைக் கால்மணி நேரம் வைது தீர்த்தாள். பதிலே பேசாத அவனுடைய திமிரைப் பொறுக்காமல் தோளைப் பிடித்து உலுக்கியபோது அது புன்லுவா கடையின் பிளாஸ்டிக் நாற்காலி என்று தெரிந்தது. சந்தையே சிரித்தது. லமோமும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைத் தேடியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

சலுவாய் அவளை இழுத்துக்கொண்டு மாகாண ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண் டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரையைப் படம் எடுத்து லமோமுக்கே காட்டினாள். முழுநிலா மாதிரி ஒரு வட்டம். அதில் அங்கங்கே சிவப்புச் சிவப்பாகக் கசிவு. சர்க்கரை ஏறி ஏறி நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஒழுகுவதாக டாக்டர் விளக்கினாள். மாத்திரை தருகிறேன், லேசர் வைக்கிறேன். ஆனால் சர்க்கரையை இறக்காமல் நான் லேசர் வைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை என்றாள். மூன்று மாத அவகாசம். இறங்கவில்லையென்றால் இடது கண் போகும், வலது கண்ணும் அதன் பின்னாலேயே போகும்.

"கலர், டீ, காபி, இனிப்பா என்னென்ன குடிக்கிறீங்க பெரியம்மா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா. கலரைக் காசு குடுத்து வாங்குனதே இல்ல."

சலுவாய்க்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "வாங்குறது இல்ல, குடிக்கிறது மட்டும்தான். ஒரு நாளைக்கு எட்டு பாட்டில். மரத்தம்மா குடிச்ச மிச்சம்னு சொல்லிச் சொல்லிக் குடிக்கிறாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் வீட்டு வாசல் சாமிக்கு வைப்பதாகவும், அந்த மிச்சத்தைத் தானும் குடித்து வளர்ந்ததாகவும் சொன்னாள். ஆனால் சாமி சர்க்கரையை எடுத்துக்கொள்கிறதா என்று தான் படித்த படிப்பில் எங்கும் இல்லை, உடம்பு எடுத்துக்கொள்வது மட்டும் இருக்கிறது என்றாள். லமோமுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

திரும்பி வந்ததும் சந்தையில் எல்லோரும் வந்து விசாரித்தார்கள். முதலில் இன்றைக்கு என்ன நம்பர் வந்தது என்று விசாரித்தார்கள். சலுவாய் நம்பர் எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டாள். அதன் பிறகுதான் கண்ணைப்பற்றிக் கேட்டார்கள். புன்லுவா ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னான்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும் பெரியம்மா, புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுது. அம்மா இனிப்பைக் குடிச்ச பின்னாடி அதுல என்ன இருக்கு? வெறும் சாயத் தண்ணி. நீங்க பயப்படாம குடிங்க. நீங்க குடிச்சாத்தான் வெச்சவங்களுக்குப் பலிக்கும்."

லமோமுக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. சலுவாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முழுக்கச் சண்டை. படைத்த பாட்டிலில் எறும்பு மொய்ப்பதைக் காட்டி, இனிப்பு இல்லாமலா இதுங்க வருதுங்க என்று கேட்டாள் சலுவாய். எறும்புக்கு ஏது பக்தி, அது எச்சில் எது தீர்த்தம் எது என்று தெரியாத ஜென்மம் என்றாள் லமோம். உங்களுக்குக் கண்ணே போனாலும் வாய் போகாது அண்ணி என்றாள் சலுவாய். சொன்ன பிறகு அவளுக்கே கண் கலங்கிவிட்டது. நாத்தனார் அழுது லமோம் பார்த்ததே இல்லை, அண்ணன் செத்தபோதுகூட அவள் சமையற்காரனோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தாள். லமோம் ஒரு முடிவுக்கு வந்தவளாக எழுந்தாள்.

"அழாத. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வா. காய்ச்சிப் பாத்துடுவோம்."

அதில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதை மெஷின் சொல்ல வேண்டாம், டாக்டர் சொல்ல வேண்டாம். அடுப்பு சொல்லும். பனங்காட்டுக்காரிக்கு இதற்கு மேல் ஒரு கோர்ட்டு கிடையாது. ஒன்பது பாட்டில் அம்மாவுக்குப் படைத்தது, ஒன்பது பாட்டில் கடையிலிருந்து நேராக வாங்கி வந்தது. இரண்டையும் தனித்தனி வாணலியில் ஒரே தீயில் காய்ச்சுவது. தான்தான் ஜெயிக்கப்போகிறோம் என்பதில் லமோமுக்குச் சந்தேகமே இல்லை. படைத்த வாணலியில் கடைசியில் சிவப்புக் கறை மட்டும்தான் இருக்கும், அதைச் சலுவாயின் கன்னத்தில் பூசிவிடலாம் என்று எண்ணிக்கொண்டாள். காசு கொடுத்துக் கலர் வாங்கியதே இல்லை என்கிற பேச்சு கெட்டுவிடக் கூடாதென்று அந்த ஒன்பது பாட்டிலையும் சலுவாயைவிட்டே வாங்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் கொல்லையில் இரண்டு அடுப்பு மூட்டினாள். பொங்கியது, தணிந்தது, ஆவி விட்டது. லமோமுக்குக் கண் மங்கலாக இருந்ததால் அவள் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டாள். தண்ணீர் கொதிக்கிற சத்தம் வேறு, பாகு கொதிக்கிற சத்தம் வேறு. தண்ணீர் சலசலக்கும், பாகு குமிழ் கட்டிக் கனமாகக் குழறும். முதலில் சலுவாய் கடையில் வாங்கிய கலர் இருந்த வாணலி குழறத் தொடங்கியது. லமோம் படைத்த கலர் இருந்த தன் வாணலியின் மேல் காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் அதே குரலில் குழறியது.

அவள் கரண்டியால் எடுத்து விரலிடுக்கில் தேய்த்தாள். ஒட்டியது. விரலைப் பிரித்தாள், கம்பி நீண்டது. பனம்பாகுபோல இறுகவில்லை, பிசுக்கென்று சிவப்பாக நின்றது, ஆனால் பாகு பாகுதான். இறக்கி இரண்டையும் இரண்டு சிரட்டையில் ஊற்றினாள். இரண்டும் விளிம்புவரை வந்தன. சலுவாய் தராசு எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி லமோம் இரண்டு சிரட்டையையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்தாள். இப்படிக் கையில் ஏந்தியே கருப்பட்டி வியாபாரிகளை ஏமாற்ற விடாமல் மடக்கியவள் அவள். ஒரு பொட்டு வித்தியாசம் இல்லை.

சலுவாய் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தவள் வாயைத் திறக்காதது லமோமுக்கு இன்னும் வேதனையாக இருந்தது. ஏறக்குறைய இந்தச் சிரட்டையளவு அவள் ஒரு நாளில் குடிப்பது. பதினெட்டு வருடத்தில் எத்தனை சிரட்டை என்று நினைத்தபோது அவளுக்குக் கொல்லை முழுக்க அடுக்கினாலும் இடம் போதாதுபோலத் தோன்றியது. நேராகக் கொட்டகைக்குப் போய் மரத்தம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"ஒரு கரண்டிகூடவா நீ எடுக்கல? அத்தனையும் எனக்கேவா விட்டு வெச்ச?"

லமோம் முந்தானை போன்ற தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீப்பையும் பவுடரையும் சரியாக அடுக்கி வைத்தாள். கோபமாக இருந்தாலும் வேலை வேலைதான்.

அன்றோடு நிறுத்தினாள். பழக்கம் சும்மா நின்றுவிடவில்லை. முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. கை தானாகப் பாட்டிலுக்குப் போயிற்று. ஒரு தரம் ஸ்ட்ராவை வாயில் வைத்துவிட்டுப் பிடுங்கி எறிந்தாள். பூ வாங்க வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தாள். வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்தது. திறந்த பாட்டில்களைக் கொட்டவும் மனம் வராமல் தவித்தபோது, ஆற்றுக்கு அந்தப்பக்கம் பன்றி வளர்க்கிறவன் சாயங்காலம் சாயங்காலம் வந்து வாளியில் ஊற்றிக்கொண்டு போக ஒத்துக்கொண்டான். பன்றிகளுக்கு விரலில் குத்திப் பார்க்கத் தொண்டர் யாரும் இல்லை என்பதால் அவை சந்தோஷமாகக் குடித்தன.

மூன்று மாதத்தில் மூன்று தடவை லேசர் வைத்தார்கள். கடைசித் தடவை டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து லமோமின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றி முப்பத்தெட்டு. இடது கண்ணில் ஒரு புகைமூட்டம் நிரந்தரமாக இருக்கும். வலது கண் தப்பித்தது. லமோம் பேருந்தில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். சலுவாய் பக்கத்தில் வாய் பிளந்து தூங்கினாள். வீடு வந்ததும் சேர்ந்து சாப்பிட்டார்கள், அன்றைக்குச் சண்டை இல்லை.

மறுநாள் காலையில் புன்லுவா ஒன்பது பாட்டிலோடு கொட்டகைக்கு வந்தான். குலுக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. நேற்று எத்தனை வந்தது என்று நயமாகக் கேட்டான். லமோம் சொல்லவில்லை. பரவாயில்லை என்று பாட்டில்களை வரிசையாக வைத்துத் திறந்து ஸ்ட்ரா போட்டு, கும்பிட்டு, அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் போக முடியாமல் அங்கேயே உட்கார்ந்தான். ஊதுபத்தி எரிந்து முடிந்தது. பன்றிக்காரன் அன்று வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். லமோம் உத்தரவு கேட்டு ஒரு பாட்டிலை எடுத்து நல்ல மனதோடு புன்லுவாவிடம் நீட்டினாள். மழையில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் வைத்தது, அவன் குடித்தால் அவனுக்கு நல்லதுதானே என்றுதான் நினைத்தாள்.

புன்லுவா கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம் பெரியம்மா."

"ஏன்டா?"

"சுகர் இருக்குல்ல. ரெண்டு வருஷமாச்சு. டாக்டர் கலரைத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நான் தொடறதில்ல."

லமோம் நீட்டிய கையை மடக்கவில்லை. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இது அம்மா குடிச்ச மிச்சம்டா."

"ஆமா. அதுக்காக..." என்று தொடங்கி அவன் நிறுத்திக்கொண்டான்.

"அப்போ உனக்குத் தெரியும்."

அவன் தரையைப் பார்த்தான். கெட்டவன் இல்லை புன்லுவா. அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன். மெதுவாகச் சொன்னான்.

"வேணும்னு செய்யல பெரியம்மா. அம்மாவுக்கு வெக்கணும்னு நினைச்சேன், வெச்சேன். அப்புறம் அது எங்க போகுதுன்னு நான் நினைச்சே பாக்கல."

லமோமுக்குக் கண்ணில் லேசர் வைத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. தொண்ணூற்றொன்பது பாட்டிலையும் இவன்தான் ஒவ்வொன்றாகத் திறந்தான். எட்டடி தூரத்தில் நின்று சூப் கலக்கிக்கொண்டு அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டதும், கொட்டகையில் இதை வைத்துக்கொள்ள மாட்டேன், குடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லிவிட்டாள்.

புன்லுவா ஒன்பது பாட்டிலையும் தட்டில் அடுக்கி, ஸ்ட்ரா ஆட, சந்தைக்குள் போனான். லமோம் வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்; நன்றாகத் தெரிந்தது. முதல் மீன்காரி தலையை ஆட்டிவிட்டுப் பாதத்தைக் காட்டினாள், அவளுக்குச் சர்க்கரைப் புண் ஆறவில்லை. இரண்டாமவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று சொல்லியிருக்க வேண்டும், கையை விரித்தாள். காய்கறிக்காரன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். தேங்காய்க் கடை, அரிசிக் கடை, துணிக் கடை. மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். எல்லோருமே வருடக்கணக்கில் மரத்தம்மாவுக்குக் கலர் வைத்தவர்கள். எல்லோருமே அது எப்படிப்பட்ட சாமான் என்று தெரிந்தவர்கள்.

ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவிட்டு அவன் திரும்பிக் கொட்டகை வாசலில் வந்து நின்றான். தட்டில் ஒன்பது பாட்டிலும் அப்படியே இருந்தன.